கண்டது, கேட்டது, கருதியது – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு ஏழு ஆண்டுகளாக சுவீடனின் கார்ல்ஸ்க்ரூனா நகரில் இருக்கிறோம். சென்ற மாதம் என் மகனை இங்குள்ள கடற்படை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். பதினாறு வயது. நெப்டியூன் நீர்மூழ்கியின் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கடற்படையில் சேரப்போகிறேன் என்கிறான்.

1981ல் இந்த ஊர் வாசலில் சோவியத் நீர்மூழ்கி ஒன்று பாறையில் ஏறி நின்ற கதையும் அப்போது பேச்சில் வந்தது. முதலில் அதனிடம் போனவர் தளத்தின் ஸ்டாஃப் தலைமை அதிகாரி என்று படித்தேன். ஸ்டாஃப் அதிகாரி என்றால் அட்மிரலின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் மேசை ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் எதற்குப் போனார்? உளவு பார்க்கத்தான் வந்தது என்று எல்லோருக்கும் தெரியுமே, பத்து நாள் என்ன விசாரணை? மூத்த ஸ்டாஃப் அதிகாரியின் பதவி, சம்பளம், அன்றாட வேலை என்ன? “கப்பலை நடத்துபவனாகப் போ, மேசையில் உட்காருபவனாகப் போகாதே” என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

மு., கார்ல்ஸ்க்ரூனா

அன்புள்ள மு.,

சரியில்லை. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன். மகனிடம் சொன்னதை இன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் அப்பா சொல்லும் ஒரு வாக்கியம் பிள்ளையின் மனதில் நீண்ட நாள் தங்கும்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் இதைச் சுற்றியேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். 2025 ஜனவரி 26 அன்று காட்லாந்து தீவுக்கும் லாத்வியாவின் வென்ட்ஸ்பில்ஸ் நகருக்கும் இடையே கடலடியில் கிடந்த தகவல் கேபிள் சேதமானது. வெஷன் என்ற சரக்குக் கப்பலை சுவீடன் பிடித்து நிறுத்தியது. நாசவேலை என்று உலகம் முழுக்கத் தலைப்புகள் வந்தன. ஒரு வாரம் கழித்து அரசு வழக்கறிஞரே சொன்னார்: கேபிளை அறுத்தது அந்தக் கப்பல்தான், ஆனால் காரணம் மோசமான வானிலை, கருவிக் கோளாறு, மட்டமான கப்பலோட்டம். நாசவேலை இல்லை. கப்பலை விட்டுவிட்டார்கள். கேபிள் அறுந்தது கண்டறிந்த செய்தி. அந்தக் கப்பலின் நங்கூரம் கடலடியில் இழுபட்டது ஆராய்ந்த செய்தி. எதிரியின் சதி என்பது கருதிய செய்தி. மூன்றும் ஒரே தட்டில் பரிமாறப்பட்டன. இந்த மூன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்திருப்பதற்கென்றே ஒரு நாடு சம்பளம் கொடுத்து ஒருவரை உட்கார வைக்கிறது. அவர்தான் நீங்கள் மேசை ஆள் என்று எழுதியவர்.

பதவி, சம்பளம் பற்றிச் சுருக்கமாக. சுவீடன் கடற்படையில் கொமெண்டேர்காப்டேன், அதற்கு மேல் கொமெண்டேர் ஆகிய நிலைகளில் மூத்த ஸ்டாஃப் பொறுப்புகள் பெரும்பாலும் அமைகின்றன. நம் இந்தியக் கடற்படையின் கமாண்டர், கேப்டன் என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை.

இனி 1981. அக்டோபர் 27 இரவு எஸ்-363 என்ற சோவியத் நீர்மூழ்கி, உங்கள் ஊர்க் கடற்படைத் தளத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், டோரும்ஷேர் என்ற பாறைத்தீவின் அருகே தரைதட்டியது. சுவீடன்காரர்கள் அதை யு-137 என்றார்கள். நேட்டோ வகைப்பெயர் விஸ்கி. 76 மீட்டர் நீளம். மறுநாள் காலை உள்ளூர் மீனவர் ஒருவர் பார்த்துத் தகவல் சொன்னார். தளத்தின் ஸ்டாஃப் தலைமை அதிகாரி கொமெண்டேர்காப்டேன் கார்ல் ஆண்டர்சன் ரோந்துப் படகில் கிளம்பிப் போனார்.

அவர் எதற்குப் போனார் என்ற கேள்வி நல்ல கேள்வி. தளபதி போனால் முடிவெடுக்கும் நாற்காலி காலியாகிவிடும். ஸ்டாக்ஹோமிலிருந்து வரும் தொலைபேசிக்கு ஆளிருக்காது. இளம் லெப்டினன்ட் போனால் அவன் கண்டதைச் சொல்வான், ஆனால் அங்கே அவன் கொடுக்கும் வாக்கு தளபதியைக் கட்டாது. ஸ்டாஃப் தலைமை அதிகாரிக்குத் தளபதியின் மனம் தெரியும். தளத்தில் எத்தனை படகு தயார், எத்தனை மணி நேரத்தில் பீரங்கிக்கு ஆள் ஏற்றலாம், எந்தக் கேள்வியை ஸ்டாக்ஹோம் முதலில் கேட்கும் என்பதும் தெரியும். இன்னொருவர் முடிவெடுப்பதற்குத் தேவையானதைப் பார்த்து வருவது ஒரு தனிக் கலை. அது கைவந்த ஆள் அந்தத் தளத்தில் அவராகத்தான் இருந்திருக்க முடியும் என்பது என் வாசிப்பு.

நீர்மூழ்கிக்காரர்கள் சொன்ன காரணம் திசைகாட்டிக் கருவிகள் பழுது, போலந்துக் கரைக்கு அருகில் இருப்பதாக நினைத்துவிட்டோம் என்பது. இப்போது உங்கள் “எல்லோருக்கும் தெரியுமே”வுக்கு வருகிறேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இங்கேதான். எல்லோருக்கும் என்றால் யாருக்கு? எப்போது? எதைப் பார்த்து? பாறைகள் நெருக்கமாகக் கிடக்கும் அந்த வாயிலில் இருட்டில் இவ்வளவு தூரம் உள்ளே வந்த கப்பலுக்கு வழி தெரியவில்லை என்பதை நம்புவது கடினம். எனக்கும் கடினம்தான். ஆனால் நம்பக் கடினம் என்பது ஒரு பத்தி, உளவு என்பது வேறு பத்தி. இரண்டுக்கும் நடுவே பயணப் பதிவேடு, வரைபடம், கருவிகளின் நிலை, கப்பல் தலைவனின் வாய்மொழி என்று நாலு படி இருக்கிறது. அந்தப் படிகளில் ஏறத்தான் நாட்கள் பிடித்தன. விசாரணையை நீர்மூழ்கிக்கு வெளியே, சுவீடன் கப்பலில்தான் நடத்துவோம் என்று பிடிவாதமாக நின்று, நவம்பர் 2 அன்று வெஸ்டர்விக் என்ற டார்பிடோ படகில் நடத்தினார்கள்.

ஸ்டாஃப் என்பது என்ன என்று ஒரு முறை தெளிவாகச் சொல்கிறேன். சுவீடன் 2024 மார்ச் 7ல் நேட்டோவில் சேர்ந்தது. நேட்டோ வழக்கப்படி கடற்படை ஸ்டாஃபின் பிரிவுகளுக்கு எண்கள் உண்டு: என்-1 ஆட்கள், என்-2 உளவுத் தகவல், என்-3 நடப்பு நடவடிக்கை, என்-4 எரிபொருள், உணவு, பழுதுபார்ப்பு, என்-5 வருங்காலத் திட்டம், என்-6 தகவல் தொடர்பு. இப்படியே ஒன்பது வரை போகும். ஒவ்வொரு பிரிவுத் தலைவருக்கும் தன் பிரிவுதான் உலகம். என்-3 இரண்டு கப்பலை இன்றிரவே வடக்கே அனுப்பு என்பார். என்-4 அதில் ஒன்றுக்கு டீசல் பாதிதான் என்பார். என்-6 அந்த மூலையில் தொடர்பு கிடைக்காது என்பார். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, சண்டையைத் தளபதியின் அறைக்கு வெளியிலேயே முடித்து, உள்ளே இரண்டோ மூன்றோ செய்யக்கூடிய வழிகளை மட்டும் எடுத்துப்போவது ஸ்டாஃப் தலைமை அதிகாரியின் வேலை. தளபதி ஒன்றைத் தேர்ந்ததும் அதை ஆணையாக எழுத வைப்பதும் அவரே.

ஆணைக்கு ஐந்து பகுதி: நிலவரம், பணி, செயல்முறை, வழங்கல், தலைமையும் தொடர்பும். நிலவரம் நீண்டு பணி குறுகி இருந்தால் எழுதியவருக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்று பொருள். பணி ஒரே வாக்கியம். யார், என்ன, எங்கே, எப்போது, எதற்காக. அந்த எதற்காக விடுபட்டால் ஆணை பாழ். கடலில் நிலைமை மாறி, தொடர்பும் அறுந்துபோனால், கப்பல் தலைவன் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான். “கண்காணி” என்று மட்டும் எழுதினால் ஒருவன் 500 மீட்டரில் ஒட்டிக்கொண்டு போவான், இன்னொருவன் ஐந்து கடல் மைல் தள்ளி நிற்பான். இருவரும் ஆணையைக் கடைப்பிடித்தவர்களே.

அதற்கும் முன்னால் வருவது பதிவேடு. ஒரு செய்தி வந்தால் ஐந்து விவரம் எழுத வேண்டும்: நிகழ்ந்த நேரம், நமக்கு வந்த நேரம், சொன்னவர், அவர் அறிந்த வழி, நாம் செய்தது. முதல் இரண்டு நேரமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். எந்த நேர மண்டலம் என்பதையும் எழுத்தால் குறிக்க வேண்டும். சுவீடனில் குளிர்காலத்தில் ‘ஏ’, உலகப் பொது நேரத்தை விட ஒரு மணி முன்னால். கோடையில் ‘பி’, இரண்டு மணி. இந்த ஓர் எழுத்து விடுபட்டால் 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல் போகும் கப்பல் வரைபடத்தில் 15 கடல் மைல் தள்ளி நிற்கும். ஒரே கப்பல் இரண்டு கப்பலாகும். தவறை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தியவர் சுருக்கொப்பம்.

சொன்னவர் யார், எப்படி அறிந்தார் என்ற இரண்டு விவரத்துக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். கண்ணால் பார்த்தாரா, ராடாரில் பார்த்தாரா, நீரொலி வாங்கியில் கேட்டாரா, இல்லை இன்னொருவர் சொல்லக் கேட்டாரா? கண் என்றால் எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி? ராடார் தெறிப்பு இடம் சொல்லும், தொடர்ந்து பார்த்தால் திசையும் வேகமும் சொல்லும். கொடி சொல்லாது.

1981 நவம்பர் 2 இரவு இந்தக் கேள்விதான் தலைக்கு மேல் வந்து நின்றது. புயல். பாறையில் கிடந்த நீர்மூழ்கி சாய்ந்து அபாயக் குறி அனுப்பியது. நீர்மூழ்கி சாய்வது சாதாரண விஷயமில்லை. உள்ளே டன் கணக்கில் ஈய–அமில மின்கலங்கள் இருக்கும், அமிலம் சிந்திக் கடல்நீரோடு கலந்தால் குளோரின் வாயு. சுவீடன் இழுவைப் படகுகள் அதைப் பாறையிலிருந்து எடுத்தன. அதே புயலுக்குள், வெளியே சோவியத் கப்பல்கள் நின்ற திசையிலிருந்து இரண்டு கப்பல்கள் எல்லைக்குள் வருவதாக ராடார் காட்டியது. முப்படைத் தலைவர் லென்னார்ட் யுங் பிரதமர் தூர்பியோர்ன் ஃபெல்டீனை அழைத்தார். பிரதமர் சொன்னது இரண்டே சொல், “எல்லையைப் பிடியுங்கள்.” கரையோரப் பீரங்கிகள் தயாராயின. பிறகு தெரிந்தது, அவை மேற்கு ஜெர்மனியின் வணிகக் கப்பல்கள்.

இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. எச்சரிக்கை சரி, தயாரானதும் சரி. இரண்டு தெறிப்பு எல்லைக்குள் வருகிறது என்பது கண்டது. சோவியத் என்பது கருதியது. கப்பல்களில் தானியங்கி அடையாளக் கருவி இல்லாத காலம். தயாராவதற்குக் கருதியது போதும், சுடுவதற்குக் கண்டது வேண்டும் என்ற வேறுபாட்டை அந்தச் சில நிமிடங்களில் யாரோ கைவிடாமல் வைத்திருந்ததால்தான் வணிகக் கப்பல் மாலுமிகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்கு எதிர்ப்பக்கமும் அதே நிகழ்வில் உண்டு. முதல் நாள் சோவியத் மீட்புக் கப்பல்கள் நெருங்கி வந்தபோது கரையோரப் பீரங்கி ஒன்று தன் ராடாரால் அவற்றைக் குறிவைத்தது. அவை உடனே திரும்பவில்லை. 12 கடல் மைல் எல்லையை நெருங்கியதும் அந்த ராடாரை ஒற்றை அலைவரிசையிலிருந்து, தாவித் தாவி மாறும் போர்க்கால முறைக்கு மாற்றினார்கள். கப்பல்கள் வேகம் குறைத்துத் திரும்பின. தொடர்ந்து வந்த ஒரு இழுவைக் கப்பலை டார்பிடோ படகுகள் எதிர்கொள்ள, அதுவும் போய்விட்டது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இதை ஒரு பொத்தானைத் திருப்பிய வீரம் என்று எழுதுகிறார்கள். பீரங்கிக்கு ஆள் வந்து சேர்ந்தது, படகு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தது, எந்தக் கோட்டில் எதைச் செய்யலாம் என்ற அனுமதி கையில் இருந்தது, இவையெல்லாம் பொத்தானுக்கு முந்தைய மேசை வேலை. எல்லையே 4 கடல் மைலிலிருந்து 12 ஆக விரிந்தது 1979ல்தான். புதுக் கோட்டின்படி எல்லா வரைபடமும் எல்லா நிலை ஆணையும் திருத்தப்பட்டிருக்க வேண்டும். திருத்தும் கைகளுக்குப் பெயர் இல்லை.

இன்னொன்று. நவம்பர் 5 அன்று அரசு வெளியிட்ட செய்தி: வெளியிலிருந்து அளந்ததில் நீர்மூழ்கிக்குள் உரேனியம்-238 இருப்பது தெரிகிறது, ஆகவே அணு ஆயுதம் இருப்பது கிட்டத்தட்ட உறுதி. அளந்தது வேறாகவும் முடிவு வேறாகவும் நின்றன. அவ்வளவு பெரிய செய்தியிலும் அந்தக் “கிட்டத்தட்ட” உதிராமல் பிரதமர் வாய்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாள் நீர்மூழ்கியை வெளிக்கடலுக்கு இழுத்துப்போய் ஒப்படைத்தார்கள்.

பின்னாளில் அந்தச் சொல் உதிர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுக்கூட்டங்களில் நீரொலி வாங்கிகள் தொடர்ந்து ஒரு சத்தத்தைப் பிடித்தன. எண்ணெயில் ஏதோ பொரிவதுபோன்ற சத்தம். நீர்மூழ்கியின் சுழலி எழுப்பும் குமிழி என்று கருதினார்கள். 1994ல் பிரதமர் கார்ல் பில்ட் அத்துமீறல் பற்றி ரஷ்ய அதிபர் யெல்ட்சினுக்குக் கடிதமே எழுதினார். பிறகு ஆராய்ந்தபோது சில சத்தங்கள் மிங்க் என்ற நீர்விலங்கு நீந்துவது. பொரியும் சத்தம், ஹெர்ரிங் மீன்கூட்டம் காற்றுப்பையிலிருந்து வாயுவை வெளியேற்றுவது. மாக்னுஸ் வால்பெரி, ஹோகன் வெஸ்டர்பெரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

கேட்டவர்கள் திறமையானவர்கள். காதில் தவறில்லை. நான் பழி சொல்வது வழியில் நடந்ததை. கேட்டவன் “தொடர் குமிழிச் சத்தம், சுழலியாக இருக்கலாம்” என்று எழுதுகிறான். அடுத்த மேசையில் அது “சுழலிச் சத்தம்” ஆகிறது. அதற்கடுத்த தாளில் “நீர்மூழ்கி”. மேலே போகும் சுருக்கத்தில் “உறுதியான நீர்மூழ்கி”. ஒவ்வொருவரும் பொய் சொல்லாமல் ஒரு சொல்லை மட்டும் குறைத்திருப்பார்கள். இன்னொரு கேடு, செய்தி சுற்றி வருவது. கரை ராடார் வட்டாரத் தலைமைக்குச் சொல்கிறது, வட்டாரம் தலைநகருக்கு, தலைநகர் மற்ற எல்லோருக்கும். மூன்று மணி நேரம் கழித்து அதே செய்தி “தலைநகரும் சொல்கிறது” என்று கரைக்கே திரும்புகிறது. ஒரு சாட்சி இரண்டு சாட்சி ஆகிவிட்டது. ஒற்றனை ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும், அப்படிப்பட்ட மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்பது நம்மிடம் பழைய விதி. மூவர் என்ற எண்ணிக்கையை நினைவில் வைக்கிறோம், ஒருவரை ஒருவர் அறியாமை என்ற நிபந்தனையை விட்டுவிடுகிறோம்.

வரைபடத்திலும் இதேதான். அடையாளம் தெரியாதது மஞ்சள், எதிரி சிவப்பு, நட்பு நீலம், நடுநிலை பச்சை. விடிகாலை மூன்று மணிக்குக் களைத்த கை ஒன்று மஞ்சளைச் சிவப்பாக்கிவிட்டுக் காவல் மாறிப் போய்விடும். புதிதாக வந்தவர் சிவப்பைத்தான் பார்ப்பார். அது எப்போது, எதனால் சிவப்பானது என்று வரைபடம் சொல்லாது. ஆகவே காவல் மாறும்போது இருவரும் வரைபடத்தின் முன் நின்று, போகிறவர் ஒவ்வொரு சிவப்புக்கும் காரணம் சொல்ல வேண்டும். வருகிறவர் தெரியாதவற்றின் பட்டியலைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாத சிவப்பு மீண்டும் மஞ்சளாக வேண்டும். ஸ்டாஃப் தலைமை அதிகாரி தினமும் தவறாமல் தலைகாட்ட வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கால் மணி நேரம். அவர் அங்கே நின்று “இதை யார் பார்த்தது?” என்று கேட்பார் என்று தெரிந்தால்தான் நாளின் மற்ற நேரமெல்லாம் பதிவேடு ஒழுங்காக இருக்கும்.

2014 அக்டோபரில் ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டத்தில் அந்நிய நீர்மூழ்கியை ஒரு வாரம் தேடினார்களே, அதில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு படம் சாதாரண வேலைப் படகு என்று மறு ஆண்டு கடற்படையே சொன்னது. கருதியதைத் திரும்ப மஞ்சளாக்கிப் பகிரங்கமாகச் சொன்னவர்களை நான் மதிக்கிறேன்.

மகனுக்கு வருவோம். அதிகாரியாகச் சேர சுவீடன் குடியுரிமை வேண்டும். அதை முதலில் பாருங்கள். பிறகு அடிப்படைப் பயிற்சி, மூன்றாண்டு அதிகாரிப் படிப்பு, அதன்பின் பல ஆண்டு கப்பல் வாழ்க்கை. நீங்கள் கேட்ட கப்பல் வாழ்க்கை எல்லோருக்கும் முதலில் உண்டு. சுவீடனின் விஸ்பி வகைச் சிறு போர்க்கப்பலில் நாற்பத்துச் சொச்சம் பேர்தான். அங்கே ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. கப்பலில் நன்றாக நின்றவர்களில் சிலரைத்தான் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் உயர் ஸ்டாஃப் அதிகாரி படிப்புக்கு அனுப்புகிறார்கள். கப்பலுக்கு ஆகாதவர்கள் ஒதுங்கும் இடம் என்று நீங்கள் நினைத்தது நேர்த் தலைகீழ்.

அவனை மறுபடியும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால், வீட்டுக்கு வந்ததும் நெப்டியூனுக்குள் கண்ணால் பார்த்ததை ஒரு தாளிலும், வழிகாட்டி சொல்லக் கேட்டதை இன்னொன்றிலும், தானாக ஊகித்ததை மூன்றாவதிலும் எழுதச் சொல்லுங்கள். தமிழிலோ சுவீடிஷிலோ, அவன் விருப்பம். மூன்று தாளையும் எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு அவனுக்குத் தனியாக எழுதுகிறேன்.